பள்ளி வேனுக்காக நான் வாசித்த வாசகம்

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய வாரத்தில் எங்கள் பள்ளி வேன் நின்றுபோனது. தவளக்குப்பம் பக்கத்தில் உள்ள சிறிய சிறப்புப் பள்ளி அது. நான் அங்கே ஆசிரியை, பெயர் ஜெசிந்தா. "இதுக்கு மேல இத இழுக்காதீங்கம்மா, பாவம்" என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். மறுநாளிலிருந்து பதினோரு பிள்ளைகள் வீட்டோடு இருந்துவிட்டார்கள்.

அதில் ஒருத்தி பவித்ரா, ஒன்பது வயது. பல மாதப் பயிற்சிக்குப் பிறகு வாக்கரைப் பிடித்து நான்கு அடி வைக்கத் தொடங்கியிருந்தாள். பயிற்சி விட்டுப்போனால் கால் மறுபடி இறுகிவிடும். "வேன் வராதுன்னு சொன்னாலும் கேக்க மாட்றா மிஸ். டெய்லி யூனிஃபார்ம் போட்டுக்கினு வாசல்ல ஒக்காந்துடறா" என்று அவள் அம்மா போனில் அழுதாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்பெனி, சிறப்புப் பள்ளி ஒன்றுக்கு வேன் தருவதாக அறிவித்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் பத்து நிமிடம். மேடையேறி, படம் போட்டு, தேவையை விளக்க வேண்டும். எங்கள் தலைமை ஆசிரியை யோசிக்கவே இல்லை. "நீதான் கோயில்ல மைக்குல கணீர்னு வாசிக்கிறியே, நீயே போ ஜெசிந்தா" என்றார்.

அவருக்கு என்ன தெரியும்? காகிதம் கையில் இருந்தால் நான் சிங்கம். பத்து வருடமாக ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறேன். காகிதம் இல்லாமல் நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு பெற்றோர் கூட்டத்தில் "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொன்னதோடு நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிவந்தவள் நான்.

முப்பத்திரண்டு ஸ்லைடு செய்தேன். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து எல்லாவற்றையும் அடைத்தேன். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு ஹாலில் என் வீட்டுக்காரர் அந்துவானை உட்காரவைத்துப் பேசிப் பார்த்தேன். மனிதர் ஆறாவது ஸ்லைடில் குறட்டை விட்டார். எழுப்பினேன்.

"தூங்கல. கண்ண மூடிக்கினு கேட்டேன்."

"இன்னா கேட்டீங்க?"

"வேன் வேணும்னு கேட்ட. யாருக்குன்னுதான் தெரியல. பள்ளிக்கூடத்தோட ஜாதகத்தையே படிக்கிறியே!"

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம். ஸ்லைடுகளை ஆறாகக் குறைத்தேன். எழுத்தை எடுத்துவிட்டுப் படங்களை வைத்தேன். பவித்ராவின் படத்தை முதலில் நிறுத்தினேன். சமைக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அப்படியும் காகிதத்தை விட மனம் வரவில்லை.

பேச வேண்டிய நாள் காலை கோயிலில் முழந்தாளிட்டு அழுதேன். "ஆண்டவரே, ஒரு வார்த்தைகூடத் தப்பாக வரக் கூடாது. என்னால் அந்தப் பிள்ளையின் நடை நின்றுபோகக் கூடாது" என்று மன்றாடினேன்.

கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஹால். முன்வரிசையில் மூன்று நடுவர்கள். பின்னால் மற்றப் பள்ளிகளின் ஆசிரியைகள், கன்னியாஸ்திரிகள், பெற்றோர். குனிந்த தலை நிமிராமல் காகிதத்தில் இருந்த முதல் பத்தியைக் கணீரென்று வாசித்தேன். பத்தி முடிந்தது. பத்து வருடப் பழக்கம், பூசையில் வாசகம் முடிந்ததும் சொல்லும் வரியை நாக்கு தானாகச் சொல்லிவிட்டது:

"இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு."

ஹாலின் பாதி, யோசிக்காமல், பூசையில் சொல்வதுபோலவே ஒரே குரலில் பதில் சொன்னது: "இறைவா, உமக்கு நன்றி!"

சொன்னதும்தான் எல்லாருக்கும் உறைத்தது. பிறகு ஹாலே சிரித்தது. நடுவில் உட்கார்ந்திருந்த நடுவர், தொப்பி அணிந்த பாய் ஒருவர், கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "ஏம்மா, பூசை முடிஞ்சிடுச்சா? நாங்க கெளம்பலாமா?" என்று கேட்டார்.

எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை முகமும் என் பக்கம் இருந்தது. பயம் போன இடம் தெரியவில்லை. "இருங்க பாய், பிரசங்கம் பாக்கி இருக்கு" என்றேன். மறுபடி சிரிப்பு. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். பவித்ராவின் படத்தைக் காட்டி, அவள் வைத்த நான்கு அடியைப் பற்றிச் சொன்னேன். வாசலில் உட்கார்ந்திருப்பதைச் சொன்னபோது என் குரல் உடைந்தது, ஆனாலும் தொடர்ந்தேன். டிரைவருக்கும் டீசலுக்கும் என்ன வழி என்று கேட்டார்கள். தடுமாறாமல் பதில் சொன்னேன். அது நானா என்று எனக்கே சந்தேகம்.

ஈஸ்டர் முடிந்த வாரம் போன் வந்தது. வேன் எங்களுக்கு! அந்துவான் போட்ட அல்லேலூயா சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள்.

முதல் நாள் வேனில் நானும் போனேன். பவித்ராவைத் தூக்கி உட்காரவைத்ததும் சீட்டைத் தட்டித் தட்டிக் கத்தினாள். இன்று அவள் வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை நடக்கிறாள். பெற்றோர் கூட்டத்தில் இப்போது நான்தான் பேசுகிறேன். நிறுத்தத்தான் ஆள் தேவைப்படுகிறது.

பேசப் பயந்து இதைப் படித்துக்கொண்டிருக்கும் சகோதரனே, சகோதரியே, நன்றாகத் தயார் செய்யுங்கள். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், தூங்குகிறவர் மேல் கோபப்படாதீர்கள். பிறகு ஆண்டவரிடம் ஒப்படையுங்கள். தப்பே வரக் கூடாது என்று மட்டும் கேட்காதீர்கள். நல்லவேளை, எனக்கு அவர் அதைக் கொடுக்கவில்லை.