கழுகு கண்டுபிடித்த கப்பல்

அலுவலகத்தில் அவனுக்குக் கழுகு என்று பெயர். வானத்திலிருந்து எடுத்த படங்களைத் திரையில் பார்த்து, தடையை மீறி எண்ணெய் கடத்தும் கப்பல்களைக் காட்டிக்கொடுப்பது அவன் வேலை. அந்தத் திருட்டுக் கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவியை அணைத்துவிடும், பெயரை அழித்து வேறு பெயர் எழுதிக்கொள்ளும். மேல்தளத்தை மட்டும் எந்தக் கஞ்ச முதலாளியும் மாற்றுவதில்லை. கப்பலை அடையாளம் காணக் கழுகுக்கு அது போதும். அதில் ஆளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இருக்கத்தானே செய்யும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்து, எண்ணெய்க் கப்பலில் வேலை பார்க்கும் கணவன் அனுப்பிய போட்டோவைப் பெருமையாகக் காட்டினாள். மேல்தளத்தில் மாப்பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். கழுகின் கண் அவன் மேல் நிற்கவேயில்லை. பின்னால் இருந்த கிரேனின் கை பாதி மஞ்சள், பாதி பச்சை. அலுவலகமே மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த கப்பல் அது.

மாப்பிள்ளை இறங்கி வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் பதவி உயர்வு கைக்கெட்டும் நேரம், பாழாய்ப்போன புத்தி அங்கே போய்விட்டது. மறுநாளே சொல்லிவிட்டான்.

கப்பல் கறுப்புப் பட்டியலில் ஏறியது. முதலாளி கைகழுவிவிட்டு ஓடிப்போனான். கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுக் கிடந்த அதிலிருந்து ஆட்களை இறங்க விடவில்லை. சோறும் தண்ணீரும் தீர்ந்துகொண்டே வந்தன. அதைக் கேமராவில் கண்காணிக்கும் பொறுப்பு, பதவி உயர்வோடு சேர்ந்து கழுகின் தலையிலேயே விழுந்தது. காட்டிக்கொடுத்தது அண்ணன்தான் என்று தங்கைக்குத் தெரியாது. அண்ணன் தினமும் கப்பலைப் பார்க்கிறான் என்பதே அவளுக்குப் பெரிய தெம்பு.

ஒரு மத்தியானம் சின்னப் படகு ஒன்று கப்பலை நோக்கிப் போனது. எண்ணெய் எடுக்கப் போகிற படகு காலியாகப் போகும். இது பாரத்தில் அமிழ்ந்து போனது. தண்ணீர்தான் என்று கழுகுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் எந்தப் படகு நெருங்கினாலும் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் ஏன் என்று விசாரிப்பார்கள், மாப்பிள்ளை அதில் இருக்கும் விஷயம் வெளியே வந்துவிடும். போனை எடுத்துச் சொன்னான். காவல் படகு போய் அதைத் திருப்பி விரட்டியது.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணே, தண்ணி இல்லாம நாக்கு வறண்டு கெடக்குன்னு நேத்து அவர் அழுதாரு. என் வளையலை வித்து ஒரு படகுல தண்ணி அனுப்பிருக்கேன். போய்ச் சேந்துடுச்சா, பாத்தியா?"

"சேந்துடுச்சும்மா" என்றான் கழுகு.