கிழவனை ஐஸில் இறக்கலாமா

இன்று காலை கோப்பி வாங்கப் போனேன். கேட்காமலே இரண்டு சீனிப் பொட்டலங்களைப் பையில் போட்டுத் தந்தார்கள். எனக்குச் சீனி வருத்தம், டயபடீஸ். ஆனாலும் எறிய மனம் வரவில்லை. கடைக்குள் இருந்து குடிக்கவும் இடமில்லை. மேசை கதிரையெல்லாம் கழற்றிவிட்டார்கள். வாங்கு, போ. அவ்வளவுதான் இப்போது.

வெள்ளைப் பொட்டலம் கிழவன், மண்ணிறப் பொட்டலம் பெடியன். முந்தி இந்தக் கடை மேசையில் அப்படித்தான் வைத்துச் சண்டை பிடிப்போம். கிழவனும் பெடியனும் எங்கள் ஊர் ஐஸ் ஹொக்கி அணியில் பின்னால் நின்று மறிக்கிறவர்கள். இரண்டு பேருக்கும் இருந்தது ஒரு இடம்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் இராசன் அண்ணை. ஸ்காபரோவில் ஒரு பெட்டி அடைக்கிற ஃபக்டரியில் எனக்குப் பக்கத்து லைன். வேலை விட்டதும் மட்டையும் பசையும் மணக்க மணக்க வந்து குந்துவோம். சிரிக்காதீர்கள், இரண்டு பேருமே ஸ்கேட்டைக் காலில் மாட்டியதில்லை. இங்கே வந்த முதல் குளிர்காலம் முழுக்க, ஒருவன் ஒரு நிமிடம்கூட ஆடாமல் வெளியே போனால் கோச் துரத்திவிட்டான் என்றே நினைத்தோம். "பாவம், இப்பதானே வந்தவன், என்ன பிழை விட்டவன்?" என்று அண்ணை டிவியைத் திட்டுவார். மூச்சு வாங்கத்தான் ஆளை மாற்றுகிறார்கள் என்று நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவனுக்கு எப்படி விளங்கும்?

அண்ணை கிழவன் கட்சி.

"உவனுக்குக் கால்தான் ஓடாது. எங்க நிக்கவேணுமெண்டு தெரியும்."

"நல்லா நிக்கட்டும். மற்றவன் கோல் அடிச்சிட்டுப் போறான். வெளியில வாங்கில இருத்துங்கோ அண்ணை."

"பொத்தடா வாயை. உனக்குப் பெட்டியே ஒழுங்கா அடுக்கத் தெரியாது."

சொல்லிக்கொண்டே பெடியனைக் கிழித்து என் கோப்பியில் கொட்டுவார். சீனி வருத்தம் எனக்கு அப்படித்தான் வந்திருக்கும்.

பிறகு அண்ணைக்கு முழங்கால் போனது. சுப்பர்வைசர் அவருடைய லைனில் ஒரு இளம் ஆளை நிறுத்தினான். அண்ணைக்குக் கிழமையில் இரண்டு நாள் வேலை. ஒரு வார்த்தை கேட்கவில்லை, நாய்கள்.

அன்று பின்னேரம் நான் வழக்கம்போலத் தொடங்கினேன். "கிழவன் நேற்றும் விழுந்தவன்."

"ஓம், நீ சொன்னது சரி. இனி அவனை இருத்தலாம்." வெள்ளைப் பொட்டலத்தைக் கிழித்துத் தன் கோப்பியில் கொட்டினார்.

எனக்கு விசர் வந்தது. இத்தனை காலம் கத்தியும் அசையாத மனிதன். "என்னண்ணை கதைக்கிறியள்? அவன் இல்லாட்டி ஆர் மறிக்கிறது? பெடியனுக்கு நிக்கத் தெரியுமோ?" என்று நானே கிழவனுக்காகக் கத்தினேன். இன்னொரு வெள்ளைப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் பார்க்கவில்லை. கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

அடுத்த சீசனில் கிழவன் அணியில் இல்லை. அண்ணை ஃபக்டரியில் இல்லை. மகனோடு அஜக்ஸ் நகருக்குப் போய்விட்டார். மட்ச் நாட்களில் அவருக்குப் போன் எடுத்து, திட்டட்டும் என்று வேண்டுமென்றே பிழையாகக் கதைப்பேன். நேற்றும், "மறிக்கிறவங்கள் ஒருத்தரும் தேவையில்லை அண்ணை, எல்லாரையும் முன்னுக்கு விட்டால் வெல்லலாம்" என்றேன். முந்தியென்றால் கோப்பியை என் தலையில் ஊற்றியிருப்பார்.

"ஓமடா தம்பி," என்றார். "அதுவும் சரிதான்."