நான் செய்த மிதவை

இரசாயனம் படித்தவன் என்ற திமிர், இருபது வயதில் எனக்கு இருந்ததுபோல் வேறு எவனுக்கும் இருந்திருக்காது. வீடு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், படிப்பு கோலாலம்பூரில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில். இரசாயன வகுப்பில் வாத்தியார் தூரத்தில் நின்று ஒரு குடுவையை ஆட்டுவார். கடைசி வரிசையில் இருந்த எனக்கு அவர் முழங்கைதான் தெரியும். தனிமம், சேர்மம், கலவை, அடர்த்தி எல்லாவற்றையும் நெட்டுருப் போட்டேன். ஒன்றையும் கையால் தொட்டதில்லை. அந்த லட்சணத்தில் கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்தது.

மரப்பட்டையை வெட்டிப் பால் எடுத்தவர்கள் காலை முடிவதற்குள் பால் வாளிகளோடு கொட்டகைக்கு வந்துவிடுவார்கள். யாராவது தண்ணீர் கலந்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு கண்ணாடி மிதவை இருந்தது. நான் போன இரண்டாம் மாதம் அது கை தவறி உடைந்தது. புதியது வரும்வரை நானே ஒன்று செய்து தருகிறேன் என்று தோட்டத்தை நடத்திய துரையிடம் ஜம்பமடித்தேன். ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் ஈயக் குண்டு, உள்ளே கோடு போட்ட காகிதம். அதைச் சர்க்கரைத் தண்ணீரில் விட்டேன். சர்க்கரை கூடக்கூடக் குழாய் மேலே எழும்பியது. பசும்பாலும் கெட்டியாக இருந்தால் அப்படித்தான் எழுப்பும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஆக, கெட்டிப் பாலில் எழும்பும், தண்ணீர்ப் பாலில் இறங்கும். முடிந்தது விஞ்ஞானம். ரப்பர்ப் பாலில் ஒரு தடவை விட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியிருந்தால் நான் படித்தவனே அல்லவே!

மறுநாள் எல்லா வாளியிலும் குழாய் நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் இறங்கியது. தோட்டம் முழுக்கத் திருடர்கள் என்று முடிவு கட்டினேன். ஒரு பெண்ணின் வாளியில் மட்டும் கழுத்துவரை இறங்கியது. புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு தோட்டம் கொடுத்த லயத்து அறையில் இருந்தவள். தண்ணீர் கலந்தவர்களைத் துரை அன்றே வெளியே அனுப்பிவிடுவார். லயத்து அறையும் போய்விடும். அது தெரிந்தும் எத்தனை உற்சாகமாகக் கத்தினேன்!

"உன் பால்ல தண்ணி இருக்கு. அடர்த்தியே சொல்லுது."

"சத்தியமா இல்லீங்கய்யா. நீங்களே இதுல ஒரு கொவளை தண்ணிய ஊத்திப் பாருங்க. கொழாய் எறங்குதா ஏறுதான்னு தெரிஞ்சிடும்ல?"

பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள் சொன்னாள். சோதனை என்றால் அதுதான். ஆனால் அத்தனை பேர் முன்னால் ஒரு வெட்டுக்காரி எனக்குப் பாடம் நடத்துவதா? "போ, போய் வேலையைப் பாரு" என்று விரட்டிவிட்டுத் துரைக்குச் சீட்டு எழுதி அனுப்பினேன். அவள் பாலில் உறையாமலிருக்கச் சிறிது அமோனியா விட்டுச் சாட்சியாக எடுத்து வைத்தேன்.

மத்தியானம் கொட்டகை காலியான பிறகு, மனசு கேட்காமல் அந்த வாளியில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். குழாய் ஏறியது. இன்னொரு குவளை ஊற்றினேன். இன்னும் ஏறியது. ரப்பர் தண்ணீரைவிட லேசு. ரப்பர் கூடக்கூடப் பாலும் லேசாகும், குழாய் மூழ்கும். உறைந்த ஒட்டுப்பால் துண்டுகள் சாக்கடையில் மிதந்து போவதைத் தினமும் பார்த்த மடையன் நான். அன்று வந்ததிலேயே கெட்டியான பால் அவளுடையது.

சாயங்காலம் ஆபீஸ் வாசலில் துரை என்னைக் கேட்டார்: "நிச்சயம்தானா?" தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் தோட்டமே கைகொட்டிச் சிரிக்கும்.

"நிச்சயம், துரை" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

பதிவேட்டிலிருந்து அவள் பேரை வெட்டிவிட்டார்கள். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. மூட்டையும் பிள்ளைகளுமாகப் போகும்போது என் முன்னால் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தத் தண்ணிய ஊத்திப் பாத்தீங்களாய்யா?"

"இல்ல" என்றேன்.