காற்றில்லாத நாளிலும் விரித்த பாய்

செய்தி வந்த காலையில் நான் முதலில் செய்தது, போர்க்கால இருட்டடிப்புக்காக யன்னலில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்தது. பாதி அவிழ்த்திருக்கும்போது, முட்டை கொண்டுவரும் கிண்ணியா காதர் நானா படலையடியில் நின்று, "ரீச்சர், சிவசம்பு முதலாளி மௌத்தாப் போயிட்டார்," என்றார். முட்டைக் கூடையை இறக்கிவைத்து, "என்ட காசும் போச்சு, இப்ப ஆளும் போயிட்டார். இனி யாரை ஏசுறது?" என்று கேட்டார். நான் மீதித் துணியையும் அவிழ்த்து மடித்து வைத்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

இந்தப் பத்திரிகையில் இதை வாசிக்கும் உங்களில் பலர் அவருடைய கம்பனியில் பணம் வைத்து இழந்தவர்கள். அவரை நல்லவராக்கிக் காட்ட நான் எழுதவில்லை.

வெள்ளைக்காரரின் படகுகளுக்கு நடுவே, நமது துறைமுகத்தில் சொந்தப் பாய்ப்படகு ஓட்டிய ஒரே தமிழர் அவர். ஞாயிறு பின்னேரங்களில் கரைக்குக் காற்று வாங்க வருபவர்கள் அந்தப் பாயைத் தேடுவார்கள். "முதலாளி கடல்ல நிக்கிறார். எங்கட காசு பத்திரம்," என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அது அவருக்கும் தெரியும். "ஆக்கள் கணக்குப் பார்க்கமாட்டினம் ரீச்சர், பாயைத்தான் பார்ப்பினம்," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அவருடைய மனைவி பாக்கியம் என்னோடு படித்தவள். அவள் துணைக்குக் கூப்பிடுவதால் நானும் படகில் போவேன். ரங்கூன் யப்பான்காரரிடம் விழுந்த பிறகு வந்த ஒரு ஞாயிறு. இலை அசையவில்லை. அவர் பாயை விரித்துவிட்டு, இரண்டு பேரை ஒரு சிறு தோணியில் ஏற்றி, எங்கள் படகைக் கயிறு கட்டி இழுக்கச் சொன்னார்.

"காத்தில்லாத நாளில வீட்டில இருந்தால் என்னப்பா?" என்றாள் பாக்கியம்.

"இண்டைக்கு வீட்டில இருந்தால், நாளைக்குக் கம்பனி வாசலில சனம் நிக்கும்."

நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. நீங்கள் வைத்த பணத்தை அவர் பர்மா அரிசியில் போட்டிருந்தார் என்பதும், அது ரங்கூனோடு போய்விட்டது என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது.

அதற்குச் சில நாட்களின் பின் கடற்படை தனியார் படகுகளைத் தடைசெய்தது. அடுத்த ஞாயிறு பாய் தெரியவில்லை. "படகை வித்துப்போட்டாராம்" என்ற கதை பரவியது. திங்கட்கிழமை கம்பனி வாசலில் நின்றவர்களில் என் அக்காவும் ஒருத்தி. படகை அவர் விற்கவில்லை. ஊர் நினைத்த காரணம் பிழை. ஆனால் பெட்டகம் உண்மையிலேயே வெறுமையாக இருந்தது.

அக்கா விதவை. மகளின் சீதனப் பணத்தை அவரிடம் கொடுத்தது ரங்கூன் விழுந்த பிறகுதான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கல்யாணம் நின்றுபோயிற்று.

வழக்கில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனவர், வெளியே வந்ததும் கப்பல்துறைக் கிராமத்தில் ஓர் அறையில் பாக்கியத்தோடு இருந்தார். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்தார். அக்கா கதவை முழுதாகத் திறந்தாள். "உள்ள வாங்கோ முதலாளி. மாப்பிள்ளை வீட்டார் இருந்த கதிரை சும்மாதான் கிடக்குது."

அவர் இருக்கவில்லை. "தெரிஞ்சுதான் வாங்கினனான், தங்கச்சி. அதைச் சொல்லத்தான் வந்தனான்," என்றார். அவர் வந்த வழியே போனார். வழக்கில்கூட அவர் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை.

இன்று காதர் நானா போன பிறகு அக்கா என்னிடம், "அந்தச் செத்தவீட்டுக்குப் போறதெண்டால் போ. பிறகு இங்க வராதை," என்றாள். நான் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய் நான்காம் வகுப்புக்கு ஆறுகள் படிப்பித்தேன்.

பின்னேரம் காதர் நானா மறுபடி வந்தார். சுடலைக்குப் போனவர்கள் மிகச் சிலராம். நாளை காடாத்து, சாம்பல் அள்ளும் சடங்கு. சாம்பலை நடுக்கடலில் கரைக்கவேண்டும் என்று முதலாளி பாக்கியத்திடம் கேட்டிருந்தாராம். அவருடைய தம்பி மகன் சாம்பலோடு வருவான். வள்ளம் ஓட்டத்தான் ஒருவரும் இல்லை. காசை இழக்காத வள்ளக்காரன் இந்தக் கரையில் யார்?

"வள்ளம் நான் தாரன் ரீச்சர், கடற்படை தந்த பாஸும் இருக்கு. ஆள் தர ஏலாது. கேட்டால் எனக்குத்தான் ஏச்சு விழும்."

முதலாளியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது பணமல்ல, நம்பிக்கையுமல்ல. பாக்கியம் படகில் தலைசுற்றிப் படுத்திருந்த ஞாயிறுகளில், சுக்கானை என் கையில் தந்துவிட்டு அவர் சொல்வார்: "பாயைப் பார்க்காதேயுங்கோ. காத்தைக் கன்னத்தில பிடியுங்கோ." அப்படித்தான் பழகினேன். ஒரு சிறு வள்ளத்தை வெளியே கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டுவர எனக்குத் தெரியும்.

நாளைக் காலை நான் ஓட்டப்போகிறேன். திரும்பி வந்து எந்த வீட்டில் இருப்பேன் என்று தெரியவில்லை. அக்கா குசினியில் அரிசி புடைக்கிற சத்தம் கேட்கிறது. இது அச்சாகும்போது அவளுக்குத் தெரிந்திருக்கும். இப்போது ஒருவருக்கும் சொல்லவில்லை.