கிளட்ச் இல்லாத கார்

என் வீட்டுக்காரர் கார் வாங்கினார் என்றதும் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல், மீதிப் பேருக்குச் சிரிப்பு. வயிறு எரிந்தவர்களை நான் மன்னித்துவிட்டேன். சிரித்தவர்களை இன்னும் இல்லை. "காலே இல்லாதவருக்குக் காரு எதுக்காம்?" என்று ஒருத்தி குழாயடியில் என் காதுபடவே கேட்டாள். கால் இல்லாமல் என்ன? சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போயிருந்தது, அவ்வளவுதான். தடி ஊன்றி வீட்டுக்குள் நடப்பார், கடைக்குள் நடப்பார். தெருவில் நாலு வீடு தாண்டினால் முகம் வெளுத்துவிடும்.

அதனால்தான் அந்தக் கார். அமெரிக்காவில் செய்த பழைய வண்டி, மெட்ராஸில் ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்தது. எங்கள் தெருவுக்குள் திரும்பினால் இரண்டு பக்கத்து வாசல் கோலமும் அழியும், அவ்வளவு நீளம். ஆனால் அதில் கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கம்பி இருக்கும். அதை முன்னுக்குத் தள்ளி வைத்துவிட்டால் கியர் தானாக மாறிக்கொள்ளும். ஆக்ஸிலேட்டர், பிரேக் இரண்டுக்கும் வலது கால் போதும். இடது காலுக்கு அந்த வண்டியில் வேலையே இல்லை. இப்படி ஒரு வண்டி உலகத்தில் உண்டு என்று யாரோ சொல்லக் கேட்ட நாளிலிருந்து அவர் தூங்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் தூங்கினார்.

அதற்கு முன்னால் எங்கே போக வேண்டுமானாலும் யாராவது வர வேண்டும். ரிக்‌ஷாவில் ஏற்ற ஓர் ஆள், போன இடத்தில் இறக்க ஓர் ஆள். எங்களுக்குப் பட்டு நூல் வியாபாரம். தறிக்காரர் வீடு வீடாகப் போய் நூல் கொடுத்து, நெய்த சேலையைப் பார்த்து வாங்க வேண்டும். ஆள் வந்தால் போவார், வராவிட்டால் கடையில் உட்கார்ந்திருப்பார். வெளியே யாரிடமும் முகம் சுளிக்க மாட்டார். அதெல்லாம் வீட்டுக்கு வந்து என்னிடம்தான். குழம்பில் உப்பில்லை, செம்பில் தண்ணியில்லை என்று எதையாவது பிடித்துக்கொள்வார்.

வண்டி வந்த பிறகு ஊருக்கு வெளியே மாகறல் வரைக்கும் தனியாகப் போய் வந்தார். ஒரு சாயங்காலம் ரொம்ப நேரம் ஆளைக் காணோம். நான் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தேன். நிதானமாக வந்து வண்டியை நிறுத்தினார்.

"எங்க போயிருந்தீங்க?"

"செவிலிமேட்டாண்ட. பாலாத்தங்கரைக்கு."

"அங்க இன்னா வேலை உங்களுக்கு?"

"ஒரு வேலையும் இல்ல. சொம்மாதான் போனேன்."

சும்மா போனேன் என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அடுத்தவர் தூக்கி வைத்தால்தான் போக முடியும் என்று இருக்கிறவர் சும்மா எங்கேயும் போக முடியாது. ஏன், எதற்கு என்று ஒவ்வொரு தடவையும் காரணம் சொல்லியாக வேண்டும். என் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. உள்ளே போய்க் காபி போட்டேன்.

இதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊர் விடுமா? எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. கோயிலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, பூ ஜோடித்த காரில் உட்கார வைத்து, மேளமும் காஸ் லைட்டும் முன்னால் போக, சத்திரத்துக்கு அழைத்து வர வேண்டும். மேளக்காரர் எவ்வளவு மெதுவாக நடக்கிறாரோ அவ்வளவு மெதுவாக வண்டியும் நகர வேண்டும். அவர் நின்று வாசித்தால் வண்டியும் நிற்க வேண்டும். மற்ற வண்டிகள் குலுங்கும், நடுத்தெருவில் அணைந்து போகும். எங்கள் வண்டியோ பிரேக்கைக் கொஞ்சம் விட்டால் தானாக ஊரும், மிதித்தால் நிற்கும். மாப்பிள்ளையின் தலைப்பாகைகூட அசையாது. அப்புறம் என்ன? முகூர்த்த மாதம் வந்தால் எங்கள் வீட்டு வாசலில் தாம்பூலத் தட்டோடு ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள்.

சாவியைத் தரமாட்டார், தானே ஓட்டுவார். மாப்பிள்ளையோடு தெருவிலுள்ள குஞ்சு குளுவானெல்லாம் ஏறிக்கொள்ளும். அவ்வளவு பாரத்தோடு, பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக்கொண்டு, ராஜ வீதி முழுக்க ஊர்ந்து வருவார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளை யார் என்று சந்தேகம் வந்துவிடும். மெதுவாகத்தானே போகிறது, பழைய வண்டிக்கு அதுதான் நல்லது என்று அவரும் சொல்வார், நானும் நம்பினேன்.

பிறகு வண்டி நழுவ ஆரம்பித்தது. முதலில் காலையில் கிளப்பும்போது மட்டும். கம்பியைத் தள்ளினால் உடனே பிடிக்காது. வெற்றிலை மடிக்கிற நேரம் கழித்துத் தடக்கென்று இழுக்கும். அப்புறம் மேட்டில். என்ஜின் ஓவென்று கத்தும், வண்டி மட்டும் இருந்த இடத்திலேயே யோசித்துக்கொண்டு நிற்கும். லாரிக்காரர்கள் போகும் மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "அண்ணே, கும்புடறேன். இதைத் தொறந்தா மறுபடி மூட எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டார்.

மெட்ராஸில் ஒரு பட்டறைக்கு நானும் கூடவே போனேன். கியர்ப் பெட்டியில் இருக்கிற எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டுமாம். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை எடுத்துக் காட்டினார்கள், வடைச்சட்டி அடியில் தங்கினது மாதிரிக் கருப்பாக இருந்தது. தீய்ந்த வாசனை வேறு. எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார்கள், ஊர்வலத்தைப் பற்றிச் சொன்னோம். பட்டறைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வண்டி ஓடினாத்தான் சார் எண்ணெய் ஆறும். பிரேக்கை மிதிச்சுக்கினே ஊர்ந்தா உள்ளேயே கொதிச்சு வெந்துபோவும். பாதி வெந்தாச்சு. இதுக்கு சாமான் இப்போ வெளிநாட்டுல இருந்து வர்றதில்ல. இன்னொரு ஊர்வலம் போனீங்கன்னா என்னாண்ட வராதீங்க."

நல்லது என்று நினைத்து நாங்களே அதை வேக வைத்திருக்கிறோம். புது எண்ணெய் ஊற்றிக்கொண்டு திரும்பினோம். வாலாஜாபாத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினார். பிறகு, "யாராண்டயும் சொல்லாத" என்றார்.

"ஏன்?"

"வண்டி ஆட்டம் கண்டுட்சுன்னு தெரிஞ்சா, நாளைக்கே ரிக்‌ஷாவுக்குச் சொல்லி அனுப்பிடுவாங்க."

அப்புறம் யார் வந்து கேட்டாலும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி அனுப்பினார். வெளியூர் போகிறேன் என்பார், டயர் சரியில்லை என்பார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. என் மூத்தாருடைய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகும் வரைதான் அந்த நிம்மதி. மூத்தார் என்றால் இவருக்குக் கூடப் பிறந்த ஒரே அண்ணன். தட்டெல்லாம் எடுத்து வரவில்லை. வந்தார், காபி குடித்தார், "மாப்ளை அழைப்புக்கு நம்ம வண்டிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் தலையை ஆட்டினார்.

எனக்கு வந்ததே கோபம்!

"வாயில இன்னா கொழுக்கட்டையா? முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எங்க அண்ணன் பொண்ணும்மா."

"உண்மையைச் சொல்லுங்க. வண்டி தாங்காதுன்னு சொல்லுங்க."

"ஊர்ல எவன் எவன் மாப்ளையையோ இட்டுக்கினு வந்தேன். நம்ம வூட்டு மாப்ளைக்கு மட்டும் வண்டி தாங்காதுன்னு சொல்லவா? அண்ணன் இன்னா நெனைப்பாரு?"

"வண்டி போச்சுன்னா உங்க கதி இன்னான்னு நெனைச்சுப் பாத்தீங்களா?"

"கிட்டதான் சத்திரம். ஒண்ணும் ஆவாது" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அழைப்பன்று நான் சீர்த்தட்டோடு வண்டிக்குப் பின்னால் பெண்களோடு நடந்தேன். காதில் மேளமே விழவில்லை. என்ஜின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். பாதி வீதி வரை ஒழுங்காக ஊர்ந்தது. அப்புறம் தீய்ந்த வாசனை வந்தது. நாயனக்காரர் நின்று ஒரு ராகத்தை நீட்டி வாசித்து முடித்து நகர்ந்தார். வண்டி நகரவில்லை. என்ஜின் கத்தியது, இன்னும் கத்தியது. மேளம் பாட்டுக்கு முன்னே போயிற்று, மாப்பிள்ளை நடுவீதியில் நின்றார்.

இவர் கம்பியை மாற்றி மாற்றிப் போட்டார். ரிவர்ஸில் போட்டதும் வண்டி சட்டென்று பிடித்துப் பின்னால் வந்தது. நாங்கள் அலறிக்கொண்டு விலகினோம். முன்னுக்குப் போகிற கியர் செத்துவிட்டது, பின்னுக்குப் போகிறது மட்டும் உயிரோடு இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "மாப்ளையைப் பின்னாலயா இட்டுக்கினு போவீங்க? இன்னாய்யா சகுனம் இது?" என்று கத்த ஆரம்பித்தார். பாவம் அந்த மாப்பிள்ளைப் பையன், "நான் எறங்கி நடந்தே வர்றேங்க" என்றான். அவனை யாரும் கேட்கவில்லை.

மூத்தார் ஓடி வந்தார். பெண்ணைப் பெற்றவர், சம்பந்தி வீட்டார் முன்னால் அவமானம். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை.

"எம்புத்தியைச் சொல்லணும். ரெண்டு காலும் ஒழுங்கா இருக்கிறவனை ஓட்டச் சொல்லியிருக்கணும்."

நான் தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் திணித்துவிட்டு முன்னால் போனேன். "மாமா, வண்டிக்கு வந்த கேட்டை அவரு கால் மேல போடாதீங்க. ஊரு மாப்ளைங்களைச் சொமந்துதான் இது பாழாப்போச்சு. இனிமே ஊர்வலம் போனா அவ்ளோதான்னு மெட்ராஸ்லயே சொல்லிட்டாங்க. தெரிஞ்சேதான் உங்களுக்காக வந்தாரு" என்றேன். என் குரல் வீதி முழுக்கக் கேட்டிருக்கும். உள்ளேயிருந்து இவர், "போதும், நிறுத்து" என்றார். என்னைப் பார்த்துத்தான்.

கடைசியில் ஆட்கள் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சத்திரத்தில் சேர்த்தார்கள். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

மறுநாள் பந்தி முடிந்ததும் வண்டியை வீட்டுக்குக் கொண்டு போக வேண்டுமே. தள்ளுகிறோம் என்று நாலு பேர் வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். என்னைப் பக்கத்தில் ஏறச் சொன்னார். சீட்டின் மேல் ஒரு கையைப் போட்டு, கழுத்தைத் திருப்பிக்கொண்டு, ரிவர்ஸிலேயே ஓட்ட ஆரம்பித்தார். காஞ்சிபுரமே வேடிக்கை பார்த்தது. நானும் பின்னால் திரும்பிக்கொண்டு, "சைக்கிள் வருது, மாடு நிக்குது, ஓரமாப் போங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு திருப்பத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. வீட்டு வாசலில் நிறுத்தி என்ஜினை அணைத்த பிறகும் அவர் இறங்கவில்லை. நானும் இறங்கச் சொல்லவில்லை.

மூத்தார் மனசு கேட்காமல் வீட்டுக்கு வந்தார். தம்பியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தே பேசினார். வண்டியைச் சரி பண்ணித் தருவது தன் பொறுப்பு என்று மெட்ராஸுக்கு இழுத்துப் போனார். அலையாய் அலைந்திருக்கிறார். சாமான் கிடைக்கவில்லை, அதே மாதிரி வேறு வண்டியும் கிடைக்கவில்லை. பட்டறையில் வேறொரு வழி சொன்னார்களாம். அந்தக் கியர்ப் பெட்டியையே எடுத்துப் போட்டுவிட்டு, நம் ஊர் வண்டியின் பெட்டியை வைத்துக் கொடுக்கலாம், புது வண்டி மாதிரி ஓடும். கிளட்ச் மிதித்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"டிரைவர் வெச்சுக்கலாம்ப்பா. ராஜா மாதிரி பின்னால உக்காந்துக்கினு போவலாம்" என்றார் மூத்தார். கேட்டவர்களெல்லாம் நல்ல யோசனை என்றார்கள்.

இவர், "செய்யச் சொல்லுங்க" என்றார்.

மூத்தார் போன பிறகு நான் குதித்தேன். "கிளட்ச் மிதிக்கணும், அவ்ளோதானாமே! அந்தப் பெட்டி உங்க காலுங்க. எடுத்துப் போட்டுடச் சொல்றீங்களே?"

"அண்ணன் ஆசையா செய்யறாரு. வாசல்ல நின்னு துரு ஏறறதுக்கு, ஓடினா ஓடட்டுமே" என்றார்.

வண்டி திரும்பி வந்தது. பொய் சொல்லக் கூடாது, அருமையாக ஓடியது. நழுவவில்லை, கத்தவில்லை. தரையில் புதிதாக ஒரு மிதிகட்டை, இடது கால் பக்கம். டிரைவர் நல்ல மனிதர், வயதானவர், கைக்குட்டையால் கண்ணாடியெல்லாம் துடைத்து வைத்திருந்தார். பின்கதவைத் திறந்து, இவரைக் கைத்தாங்கலாக உட்கார வைத்து, தடியை வாங்கிப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். நான் அந்தப் பக்கமாக ஏறிக்கொண்டேன். முன்னால் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டு, டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அம்மா, ஐயாவை எங்க இட்டுக்கினு போவணும்?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "ஐயாவுக்கு வாய் இருக்குதுப்பா. அவரையே கேளு" என்றேன்.

டிரைவர் பதறிப்போய் அவர் பக்கம் திரும்பினார். அவர் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க எங்க சொல்றாங்களோ, அங்க போப்பா" என்றார்.

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து இருக்கிற ஊர்தான், ஆனால் சும்மா போகிற இடத்துக்கு நான் எந்தப் பெயரைச் சொல்வேன்?