பட்டாளத்து எஞ்சின்

“பத்து நாளு பள்ளிக்கொடம் போகலன்னா என்னலா இப்போ? எப்படியும் இவ பால் வெட்டத்தானே வரப்போறா?”

கரிந்த பெட்ரோல் வாடைக்கு நடுவே எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அப்பாவிடம் இப்படிச் சொன்னார். பக்கத்தில் நின்ற என்னை அவர் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு அப்போது வயது பன்னிரண்டு. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான், அதுவும் கோலா சிலாங்கூர் ஆங்கிலப் பள்ளியில்.

வெள்ளைக்காரர்கள் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்ட அவசரகாலம் அது. புக்கிட் ரோத்தானுக்கு அப்பால் இருந்த எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். தனியாகச் சாலையில் நடக்க அனுமதி கிடையாது, பேருந்தும் உள்ளே வராது. அப்பா ஓட்டிய “பால் லோரி”யின் முன்னிருக்கைதான் நான் பள்ளிக்குப் போக ஒரே வழி. அதன் எஞ்சின் உடைந்துபோய், கெர்லிங் பக்கம் கழித்துப் போட்டிருந்த பட்டாளத்து லோரியிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். அப்பா கவனமான மனிதர். பழைய எஞ்சினின் நான்கு ஸ்பார்க் கம்பிகளையும் கழற்றும்போதே ஒவ்வொன்றிலும் ஒரு நிறத் துணியைக் கட்டிவைத்து, புதியதிலும் அதே வரிசையில் மாட்டினார். அந்தக் கவனம்தான் எங்களைக் கவிழ்த்தது.

எஞ்சின் பிடிக்கவில்லை. “டைமிங்” கோளாறு என்றார் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் தோட்டத்துப் பிட்டர். ஸ்பார்க்கை விடும் “பாயிண்ட்” முனைகளின் இடுக்கில் சிகரெட் தாளைச் செருகி, அது தளர்ந்து வரும் நொடியை வைத்து நெருப்பு விழும் நேரத்தைக் குறிப்பார்கள். அந்த நேரத்தை முன்னே தள்ளினார்கள், பின்னே தள்ளினார்கள். கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு இருமல், பிறகு “டமார்”. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்திருந்த காலம் அல்லவா? பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தரையில் படுத்தார்கள். ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியும் கையுமாக ஓடிவந்தார்கள். மூன்றாவது வெடிக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையே வந்துவிட்டார். இன்னொரு முறை வெடித்தால் லோரியைக் கழித்துவிட்டு, பால் ஏற்றக் குத்தகை லோரி வைத்துக்கொள்வேன் என்று சொல்லிப் போனார். குத்தகை லோரியில் எனக்கு இடம் கிடையாது.

ஆளாளுக்குத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது நான் எஞ்சினருகே போனேன். எண்ணெய்க் கறைக்கடியில் ஒரு பித்தளைத் தகடு தெரிந்தது. பாவாடை நுனியால் துடைத்து, ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்தேன். ‘ஃபயரிங் ஆர்டர் 1 2 4 3.’

“அப்பா, நம்ம பழைய எஞ்சின் எந்த வரிசையில வெடிக்கும்?”

“ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. ஏன் தாயீ?”

“இது ஒண்ணு, ரெண்டு, நாலு, மூணுப்பா. ரெண்டாவது கம்பியும் மூணாவது கம்பியும் எடம் மாறியிருக்கு.”

பிட்டர் சிரித்தார். “அது எஞ்சின் நம்பரு, புள்ள. ஏபிசிடி படிச்சிட்டா எஞ்சின் தெரிஞ்சிருமா?”

“எஞ்சின் தெரியாதுண்ணே. எழுதியிருக்கறது தெரியும்.”

“வெடிச்சா ஒன் மவளால லோரி போச்சு, பாத்துக்கலா” என்றார் மண்டோர்.

அப்பா தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது வெறும் கீறல்கள்தான். பிறகு இரண்டு கம்பிகளையும் மாற்றி மாட்டினார், புதுத் தாளைச் செருகி டைமிங்கை முதலிலிருந்து வைத்தார், கைப்பிடியைப் பிடித்தார். நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

ஒரே சுற்று. உறுமி, குலுங்கி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது எஞ்சின். பால் தொட்டிக்குப் பின்னால் குனிந்திருந்த மண்டோர் நிமிர்ந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். மறுநாள் காலை நான் முன்னிருக்கையில் இருந்தேன்.

இன்று, ஏழெட்டு வருடம் கழித்து, அந்த முள்கம்பி இல்லை. சோதனைச் சாவடி நின்ற இடத்தில் லாலான் புல் மண்டிக்கிடக்கிறது. லோரியும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அவற்றில் எதற்காகவும் நான் ஏங்கவில்லை. பள்ளியை முடித்த என்னிடம், பெண்ணுக்கு வாத்தியார் வேலைதான் அழகு என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். கோலாலம்பூரில் மோட்டார் வகுப்புக்குப் பெயர் கொடுக்கப் போனால், மேசையில் இருந்தவர் தட்டச்சு வகுப்பு மாடியில் என்று கைகாட்டினார். படிவத்தில் ‘மோட்டார்’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அந்த வகுப்பில் இந்த வாரம் என் முதல் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.