தீபாவளிக்கு வந்த ஹிப்பி

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தீபாவளி. காரைக்குடியில் அப்பா ஜவுளிக்கடை வைத்திருந்தார். நான் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். பண்டிகைக்கு முதல் நாள் பேய்மழை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதென்று ராமேஸ்வரம் ரயிலை எங்கள் ஊரிலேயே நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் கோயிலுக்குப் போன அம்மா, குடைக்குள் ஒரு ஹிப்பியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வெள்ளைக்கார வாலிபர். தோளுக்குக் கீழே சிக்குப் பிடித்த முடி, கழுத்து நிறைய மணிகள், காலில் செருப்புகூட இல்லை. இலங்கைக்குக் கப்பல் ஏறப் போகிறவராம். கோயில் வாசலில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

எங்கள் வீட்டில் அப்போது ‘ஹிப்பி’ என்ற சொல்லையே யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சென்னையில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த அண்ணன், சித்திரைத் திருவிழாவுக்கு இதே மாதிரி முடியோடு வந்து இறங்கினான். கடைக்கு வந்தவர்களெல்லாம், “உங்க மகன் ஹிப்பி ஆயிட்டாராமே” என்று கேட்டுச் சிரிக்க, அப்பாவுக்கு மானம் போய்விட்டது. முடியை வெட்டிவிட்டு வந்தால்தான் வீடு என்று சொல்லிவிட்டார். அண்ணன் அன்று போனவன்தான். இருவரும் பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. நடுவில் கிடந்து வெந்தது அம்மா.

“ஒருத்தனை வெளிய அனுப்பினா, நீ இன்னொருத்தனை உள்ள கூட்டிட்டு வர்றியா?” என்றார் அப்பா.

“நனஞ்சு நிக்கிற புள்ளைய எங்குட்டுப் போகச் சொல்றீக? ரயிலு விட்டதும் போயிரும்” என்றார் அம்மா.

அம்மா எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அன்றுதான். அப்பா உள்ளே போய்விட்டார். வந்தவருக்கு அண்ணனின் வேட்டியும் சூடான இட்லியும் கிடைத்தன. எத்தனை இட்லி சாப்பிட்டார் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளி விடியலில், வீட்டில் படுத்து எழுந்த எல்லோரும், சமையலுக்கு உதவும் அக்கா உட்பட, மணைப்பலகைகளில் வரிசையாகக் கிழக்கே பார்த்து உட்கார வேண்டும். அப்பாதான் ஒவ்வொரு தலையிலும் எண்ணெய் வைப்பார். அம்மா அன்று, வராத அண்ணனுக்கும் சேர்த்து ஒரு பலகை போட்டிருந்தார். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அப்பா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்த ஹிப்பி எங்களைப் பார்த்தார். எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம், ஒரு பலகை காலியாக இருக்கிறது. அவருக்கென்ன தெரியும், பாவம். போய் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவரும் கிழக்கே பார்த்தார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா எனக்கு எண்ணெய் வைத்துவிட்டு அந்தப் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அந்த வரிசையில் உட்கார்ந்த யாரையும் எண்ணெய் வைக்காமல் அவர் எழுப்பியதில்லை. பேருக்கு ஒரு சொட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ கிண்ணத்தை அப்படியே கவிழ்த்து, இரண்டு கையாலும் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

“எத்தனை நாளா எண்ணெயே காணலையோ” என்று முணுமுணுத்தபடி கிணற்றடிக்குக் கூட்டிப்போய், வெந்நீர் ஊற்றிச் சீயக்காயும் தேய்த்துவிட்டார். கண்ணில் சீயக்காய் பட்டு அந்த மனிதர் போட்ட கூத்தில் நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அப்பாவும்தான்.

தன் துண்டாலேயே ஹிப்பியின் தலையைத் துவட்டிக்கொண்டே அப்பா என்னிடம், “பெத்தவுகளுக்கு இவன் இருக்குற இடம் தெரியுமான்னு கேளு” என்றார். தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் கேட்டேன். இல்லையென்று அவர் தலையாட்டினார். அப்பாவின் கை கொஞ்ச நேரம் அந்த ஈர முடியிலேயே இருந்தது.

“உங்க அண்ணனுக்கு ஒரு தந்தி அடிச்சிரு” என்றார், என்னைப் பார்க்காமல். “பொங்கலுக்கு வரச் சொல்லு. முடி கிடந்தா கிடக்கட்டும்.”

அம்மா அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்து, ஹிப்பிக்கு இலை நிறையப் பலகாரம் வைத்தார். மறுநாள் ரயில் விட்டார்கள். அண்ணனின் வேட்டியோடேயே அவர் கிளம்பிப் போனார். பொங்கலுக்கு அண்ணன் வந்தான், முடியோடுதான்.

இன்று அப்பா இல்லை. எங்களுக்கு எண்ணெய் வைப்பது அண்ணன். அவன் தலைதான் வழுக்கையாகிவிட்டது. அந்த ஹிப்பியின் பெயர்கூட எனக்கு நினைவில் இல்லை. ஆனால் அன்று அவர் வந்து உட்கார்ந்திராவிட்டால் அந்தப் பலகை இன்னும் எத்தனை தீபாவளிக்குக் காலியாகவே கிடந்திருக்குமோ என்று நினைக்கும்போது, எங்கிருந்தாலும் அவர் நன்றாக இருக்கட்டும் என்று மனசு இன்றும் வேண்டிக்கொள்கிறது.